அலங்கார எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முதலில் ‘ஸ்ரீவைகுண்டம்’ எழுதிப் பாருங்கள்

கடைக்கு ஒரு பலகை, கோயில் கொடை விழாவுக்கு ஒரு நோட்டீஸ், ஒரு கல்யாணப் பத்திரிகை, ஓர் அல்வாப் பெட்டி. திருநெல்வேலிப் பக்கம் டிசைன் வேலை பழகத் தொடங்கும் ஒருவர் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். படம் வைப்பதும் நிறம் சேர்ப்பதும் கொஞ்ச நாளில் பிடிபட்டுவிடும். எழுத்துருவில்தான் தடுமாற்றம். கணினியில் நூற்றுக்கணக்கான ஃபாண்ட் கிடக்கும். பட்டியலை மேலும் கீழும் உருட்டிவிட்டு, எது பளிச்சென்று தெரிகிறதோ அதைப் போட்டுவிடுவார்கள். கடைக்கார அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, “தம்பி, எழுத்து இன்னுங் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்” என்பார். உடனே ஒரு நிழல், ஒரு வெள்ளை அவுட்லைன், அதற்கு வெளியே ஒரு சிவப்பு அவுட்லைன். கடைசியில் எழுத்து தூக்கலாகத்தான் இருக்கும், ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று ரோட்டில் போகிறவருக்குத் தெரியாது.

இந்தத் தடுமாற்றத்துக்குப் பெரிய காரணம், எழுத்துருவை அதன் மாதிரிப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. மாதிரிப் படத்தில் எந்தச் சொல் அழகாக வருமோ அந்தச் சொல்லைத்தான் போட்டிருப்பார்கள். உங்கள் வேலைக்கு வேண்டியது வேறு சொல். அலங்கார எழுத்துருவைப் பொறுத்தவரை, எழுதப்போகிற சொல்தான் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கிறது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்தின் விரிவுதான்.

பத்தி எழுத்தும் தலைப்பு எழுத்தும்

எழுத்துருக்களைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, பக்கம் பக்கமாகப் படிக்க உருவாக்கியது. செய்தித்தாளில், பாடப்புத்தகத்தில், பத்திரிகையின் உள்பக்கத்தில் இருப்பது. படிக்கிறவர் எழுத்தைக் கவனிக்காமல் சேதியை மட்டும் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதனால் கோடுகள் ஏறத்தாழ ஒரே தடிமனில் இருக்கும், எழுத்தின் உள்வெளிகள் நன்றாகத் திறந்திருக்கும், எழுத்துக்கு எழுத்து இடைவெளி தாராளமாக இருக்கும். சின்ன அளவில் மை கொஞ்சம் பரவினாலும் எழுத்து அடைத்துக்கொள்ளாது.

இன்னொன்று தலைப்பு எழுத்துரு. டிஸ்ப்ளே ஃபாண்ட் என்று தொழிலில் சொல்வது இதைத்தான். இரண்டு மூன்று சொற்களைப் பெரிதாகக் காட்டுவதற்கு மட்டும் இது உருவானது. கவனத்தை இழுப்பதுதான் வேலை என்பதால் கோடு மிகத் தடிமனாகவோ மிக மெல்லியதாகவோ இருக்கலாம், வளைவு சுருண்டு போகலாம், எழுத்துகள் நெருக்கமாக நிற்கலாம். பூ, கொடி, கீறல், தூரிகைத் தடம் என்று தோற்றத்திலேயே ஒரு வேஷம் கட்டிக்கொண்டு வருபவை இந்த வகைக்குள் இன்னும் ஓர் உள்வகை. அவற்றைத்தான் அலங்கார எழுத்துரு என்கிறோம். தலைப்பு எழுத்துரு எல்லாம் அலங்காரமாக இருக்க வேண்டியதில்லை. தடித்த, எளிமையான ஓர் எழுத்தும் நல்ல தலைப்பு எழுத்தாகும்.

இந்தப் பிரிவு அச்சு பிறந்தபோதே இருந்ததல்ல. தமிழ் எழுத்தை முதலில் அச்சுக்குக் கொண்டுவந்த கதையில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலைச் சுற்றி முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் பணிசெய்த போர்ச்சுகீசியப் பாதிரியார் அன்றிக் அடிகளார் மொழிபெயர்த்த தம்பிரான் வணக்கம் என்ற நூல், 1578-ல் கொல்லத்தில் அச்சானது. அந்தக் காலத்து அச்சு எழுத்தெல்லாம் படிப்பதற்கான எழுத்து. தலைப்பு என்றால் அதே எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வார்ப்பது, அவ்வளவுதான். பெரிய சுவரொட்டிக்கென்றே தனி எழுத்து தேவைப்பட்டது விளம்பரம் வந்த பிறகுதான். 1800-களின் தொடக்கத்தில் லண்டன் வார்ப்பகங்கள் கன்னங்கரேலென்று தடித்த எழுத்துகளை வெளியிடத் தொடங்கின. அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் 1827 வாக்கில் பெரிய மர எழுத்துகளை இயந்திரத்தில் வெட்டி எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். பெரிய ஈய எழுத்து கனமானது, விலையும் கூடியது. மரம் இரண்டுக்கும் தீர்வாக அமைந்தது.

தமிழில் தலைப்பு எழுத்து வேறு வழியில் வளர்ந்தது. வார இதழ்களில் கதைத் தலைப்பை ஓவியர் கையால் எழுதுவார், அதை பிளாக் (அச்சுத் தகடு) எடுத்து அச்சடிப்பார்கள். சினிமா சுவரொட்டியும் அப்படித்தான். கடைப் பலகையையும் சுவர் விளம்பரத்தையும் போர்டு ஆர்ட்டிஸ்டுகள் தட்டைத் தூரிகையால் எழுதினார்கள். கையால் எழுதும்போது ஒரு வசதி உண்டு. எந்தச் சொல்லை எழுதுகிறாரோ அந்தச் சொல்லுக்கு ஏற்றபடி ஓவியர் எழுத்தை இழுப்பார், சுருக்குவார், கொம்பைத் தூக்கிப் பிடிப்பார். ஃபாண்டுக்கு அந்தப் புத்தி கிடையாது. அது எந்தச் சொல்லுக்கும் ஒரே எழுத்தைத்தான் தரும். ஓவியர் செய்துகொண்டிருந்த சரிபார்ப்பை இப்போது டிசைன் செய்கிறவர்தான் செய்ய வேண்டும்.

ஊர்ப்பெயரை வைத்துச் சோதனை

புதிய எழுத்துரு கிடைத்தால் ‘வணக்கம்’ என்று அடித்துப் பார்க்காதீர்கள். எந்த எழுத்துருவிலும் வணக்கம் ஓரளவுக்கு நன்றாகவே வரும். ‘ஸ்ரீவைகுண்டம்’ என்று அடித்துப் பாருங்கள். இந்த ஒரு சொல்லுக்குள் எழுத்துருவின் குட்டு முழுக்க வெளிப்பட்டுவிடும். ‘ஸ்ரீ’ சில எழுத்துருக்களில் இருக்கவே இருக்காது, சிலவற்றில் உடைந்து தனித்தனி எழுத்தாக வரும். ‘வை’யில் ஐகாரக் கொம்பும் வகரமும் ஒன்றையொன்று இடிக்கின்றனவா என்று பார்க்கலாம். ‘கு’வின் வால் எவ்வளவு கீழே போகிறது என்பது தெரியும். ‘ண்’ மூன்று சுழிக்காரர். எழுத்து தடிமனாகும்போது முதலில் மூச்சு முட்டுவது அவருக்குத்தான், அதன் தலையில் புள்ளி வேறு. அடுத்து வரும் ‘ட’வோ வெறும் இரண்டு கோடு. ‘ண்’ அடைசலாகவும் ‘ட’ காலியாகவும் தெரிந்தால், எழுத்துரு செய்தவர் தமிழைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று பொருள்.

அடுத்தது ‘தாமிரபரணி’. இதில் காலும் உண்டு, ரகரமும் உண்டு. ‘தா’வில் வரும் காலுக்கும் ‘ர’வுக்கும் வித்தியாசம் தெரிகிறதா? நல்ல எழுத்துருவில் ரகரத்தின் அடியில் ஒரு சாய்வுக் கோடு தெளிவாக இருக்கும். அலங்காரத்துக்காக அந்தக் கோட்டை வெட்டிவிடும் எழுத்துருக்கள் நிறைய இருக்கின்றன. பத்திக்கு நடுவே என்றால் வாசகர் ஊகித்துக்கொள்வார். தனியாக நிற்கிற ஒரு கடைப் பெயரில் ஊகிக்க எதுவும் இருக்காது.

‘கொக்கிரகுளம்’ எழுதிப் பாருங்கள். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடு ஒரு சின்னச் சுழிதான். மிகத் தடித்த எழுத்துருவில் அந்தச் சுழி அடைத்துக்கொண்டால் கொக்கிரகுளம், கோக்கிரகுளம் ஆகிவிடும். ஊர்ப்பெயர் என்றால் யாரும் ஏமாற மாட்டார்கள். வாடிக்கையாளரின் குடும்பப் பெயரிலோ புதிய நிறுவனத்தின் பெயரிலோ இது நடந்தால் வம்பு.

அகலம் இன்னொரு சங்கதி. ‘பாளையங்கோட்டை’யில் எழுத்து என்று எண்ணினால் ஏழு. பலகையில் அது பிடிக்கும் இடம் ஏழு எழுத்துக்கானது அல்ல. கால், கொம்பு, ஐகாரக் குறி எல்லாம் தனித்தனி உருவங்கள். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு உருவங்கள் வரிசையாக நிற்கும். இதனால்தான் ஒரே பெயரை ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரே உயரத்தில் எழுதினால் தமிழ் பெரும்பாலும் நீண்டுவிடுகிறது. நீண்டதும் பலர் செய்வது, எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கிப் பலகைக்குள் திணிப்பது. அமுக்கினால் நெடுக்குக் கோடு மெலியும், குறுக்குக் கோடு மட்டும் தடித்தபடியே நிற்கும். எழுத்து நோஞ்சானாகத் தெரியும். ஒடுக்கமாக வேண்டுமென்றால் ஒடுக்கமாகவே வடிவமைத்த எழுத்துருவை எடுக்க வேண்டும். எக் டைப் குழு 2022-ல் வெளியிட்ட அனேக் தமிழ் இதற்குக் கைகொடுக்கும். அதில் தடிமனை மட்டுமல்ல, அகலத்தையும் ஒடுக்கத்திலிருந்து விரிவு வரை மாற்றிக்கொள்ளலாம். எப்படி மாற்றினாலும் கோட்டின் தடிமன் சிதையாது. கட்டணமும் இல்லை.

அமுக்குவதற்கு நேர் எதிரான இன்னொரு பழக்கமும் உண்டு. ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு எழுதுவது இப்போது நாகரிகம். அதைத் தமிழில் அப்படியே செய்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சொல் சிதறிவிடும். ‘கோ’ என்பது மூன்று உருவமானாலும் ஓர் எழுத்து. அது ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். இடைவெளி வேண்டியே தீரும் என்றால், ஒவ்வோர் எழுத்தையும் ஒரு குழுவாகக் கட்டிக்கொண்டு, குழுவுக்கும் குழுவுக்கும் இடையில் கையால் இடம் விட வேண்டும்.

உயரத்தையும் பார்த்துவிடுங்கள். ‘அருள்மிகு’ என்று மேல்வரி, ‘சுடலைமாடசுவாமி திருக்கோவில்’ என்று கீழ்வரி. மேலே ‘ரு’வும் ‘கு’வும் கீழே வாலை நீட்டும். கீழ்வரியில் ‘மி’, ‘தி’, ‘வி’ சுழியைத் தூக்கும், ‘க்’கும் ‘ல்’லும் புள்ளியைத் தூக்கும். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் எது புள்ளி எது வால் என்றே தெரியாது. வரி இடைவெளியை மொத்தமாகக் கூட்டுவது ஒரு வழி. முட்டுகிற இடத்தை மட்டும் பார்த்து, கீழ்வரியைச் சற்று இடமோ வலமோ நகர்த்துவது இன்னும் நல்ல வழி. தலைப்பு என்பது இரண்டு வரிதான், அந்த நேரத்தைச் செலவழிக்கலாம்.

எங்கே நிற்கப் போகிறது அந்த எழுத்து?

சொல் சரியாக வருகிறது. அடுத்து, அது எதன்மேல் வரப்போகிறது, எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப்போகிறார்கள்?

பலகைத் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். நாற்பது அடி தள்ளி நின்று வசதியாகப் படிக்க வேண்டுமானால் எழுத்து நான்கு அங்குலமாவது இருக்க வேண்டும். இது நின்றுகொண்டு பார்ப்பவருக்கான, எளிமையான எழுத்துக்கான கணக்கு. திருநெல்வேலிச் சந்திப்பு ஈரடுக்குப் பாலத்தில் பைக்கில் போகிறவர் பார்க்க வேண்டிய பலகை என்றால் இன்னும் கூட்ட வேண்டும். அலங்காரம் கூடக் கூட எழுத்தின் அளவையும் கூட்ட வேண்டும், அல்லது சொற்களைக் குறைக்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

கடைப் பலகைகளில் இப்போது அதிகம் வருவது வெட்டி ஒட்டும் அக்ரிலிக் எழுத்தும், உள்ளே எல்இடி வைத்த எழுத்தும். இங்கே எழுத்துரு தேர்வு முழுக்க வேறு. திரையில் மெல்லிய வளைவு அழகாக இருக்கும், ஆனால் எல்இடி பட்டை உள்ளே போக அந்தக் கோட்டுக்கு அகலம் வேண்டும். முனை கூராகப் போகிற எழுத்துருவில் அந்த முனை இருட்டாகவே நிற்கும். தமிழில் கூடுதல் சிக்கல் புள்ளி. அது எழுத்தோடு ஒட்டாத தனித் துண்டு. அதற்குத் தனியாக ஆணி, தனியாக ஒயர். சில வருடம் போனால் முதலில் விழுவதும் அதுதான். புள்ளி விழுந்த பலகைகளை டவுன் வழியாக ஒரு நடை போனாலே பார்க்கலாம், ‘ஸ்டோர்ஸ்’ கடைகளுக்குத்தான் சேதம் அதிகம். ஆகவே வெட்டும் எழுத்துக்குப் புள்ளி பெரிதாக, உருண்டையாக இருக்கிற எழுத்துருவை எடுங்கள். எழுத்தோடு புள்ளி ஒட்டி வருகிற மாதிரி வடிவம் கிடைத்தால் இன்னும் நிம்மதி.

சாக்குப் பையிலும் சுவரிலும் அச்சு குத்த ஸ்டென்சில் வெட்டுகிறவர்களுக்கு வேறு கவலை. ‘வ’, ‘ள’, ‘ண’ போன்றவற்றின் மூடிய சுழிகளை வெட்டினால் நடுத்துண்டு கையோடு வந்துவிடும். அதைப் பிடித்து வைக்க ஒரு சிறு பாலம் விட வேண்டும். அந்தப் பாலத்தை எங்கே விடுவது என்று யோசித்து வடிவமைத்த எழுத்துக்கு ஒரு தனி மிடுக்கு உண்டு.

சின்ன இடத்துக்குக் கோவில்பட்டித் தீப்பெட்டியைப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டு அங்குல அகலம். அதற்குள் படம், பெயர், தயாரிப்பாளர் விவரம். பழைய லேபிள்களில் பெயர் பெரும்பாலும் ஓரிரு சொல்தான், எழுத்து கட்டையானது, பின்னால் ஒரே நிறம். இடம் சிறியது என்பதற்காக எழுத்தைச் சிறிதாக்காமல், சொல்ல வேண்டியதைச் சிறிதாக்கினார்கள். கடலை மிட்டாய் பாக்கெட் போடுகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிற இந்தப் பாடத்தைப் படிக்கலாம். பெயரை அலங்காரமாகப் போட்டு, அதே அலங்கார எழுத்தில் சேர்மானங்களையும் எடையையும் விலையையும் போட்டு யாருக்கும் புரியாமல் பண்ணிவிடுகிறார்கள். அலங்காரம் பெயரோடு நிற்கட்டும். மற்றதெல்லாம் சாதாரண எழுத்துருவில்.

இதில் எனக்கு மிகப் பிடித்த உதாரணம் பத்தமடைப் பாய். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரைக் கோரையிலேயே நெய்து தருவார்கள். நெசவில் வளைகோடு என்று ஒன்று கிடையாது, எல்லாம் கட்டம் கட்டமாகத்தான் போகும். வட்டமும் சுழியுமாக இருக்கிற எழுத்தை அந்தக் கட்டத்துக்குள் அடக்க வேண்டும். சுழி படிக்கட்டாகும், வால் மடங்கும், ஆனாலும் பெயர் படிக்கும்படி இருக்கும். கணினியில் கட்ட எழுத்துருக்களை ‘மாடர்ன்’ என்று தேடி எடுக்கிறவர்கள் ஒரு தடவை பத்தமடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பொருளின் கட்டாயத்தால் வந்த வடிவம் என்பதால் அங்கே அது பொருத்தமாக இருக்கிறது. கணினியில் அதே வடிவம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கு வந்தால் ஏன் வந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வேஷம் பொருந்துகிறதா?

இந்த இடத்தில்தான் பலரும் தொடங்குவார்கள். நான் இதைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம், படிக்க முடியாத எழுத்துக்குப் பொருத்தம் பார்த்துப் பயனில்லை என்பதுதான்.

கொடை விழா நோட்டீஸ் என்றால் சத்தம் இருக்கலாம். மேளமும் வில்லுப்பாட்டும் வாணவேடிக்கையும் நடக்கப்போகிற இடம். தடித்த, தூரிகை வீச்சுள்ள எழுத்து அங்கே எடுபடும். அதே எழுத்தைக் கண்ணீர் அஞ்சலிப் பலகையில் போட்டால் துக்கம் விசாரிக்க வந்தவர் துணுக்குறுவார். நடக்காது என்று நினைக்காதீர்கள், முந்தின வேலையின் கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றும் அவசரத்தில் இது அடிக்கடி நடக்கிறது.

அல்வாப் பெட்டிக்கு உருண்டு திரண்ட எழுத்து சேரும். பாலூ தம்பி என்ற கட்டணமில்லா எழுத்துரு அந்த வகை. குண்டாக இருந்தாலும் சுழிகள் அடைக்காமல் பார்த்துச் செய்திருக்கிறார்கள். காயினியும் குண்டு ரகம்தான். எழுத்திலிருந்து நெய் சொட்டுவது போலச் செய்கிற எழுத்துருக்களை மட்டும் தவிருங்கள் என்பேன். ஊரில் ஏகப்பட்ட அல்வாக் கடைக்காரர்களுக்கு அதே யோசனை ஏற்கனவே வந்துவிட்டது. மங்கிய விளக்கே பெயராகிப்போன ஒரு கடை இந்த ஊரில் அல்வாவுக்குப் பேர்போனதாக இருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கல்யாணப் பத்திரிகைக்குக் கையெழுத்துச் சாயல் தேடுவார்கள். தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார் சாய்ந்து ஓடும் கையெழுத்து போன்றது. ஒரே தடிமன்தான் உண்டு. மணமக்கள் பெயருக்குப் போடலாம், சுற்றமும் நட்பும் சூழ என்று தொடங்கும் பத்தி முழுவதற்கும் போடக் கூடாது. மென்மையான முனைகள் வேண்டுமென்றால் அரிமா மதுரை. அலங்காரமே இல்லாத கம்பீரம் வேண்டுமென்றால், ஃபெர்னாண்டோ மெல்லோவும் ஃபியோனா ராஸும் உருவாக்கிய டீரோ தமிழைப் பெரிய அளவில் போட்டுப் பாருங்கள். அது படிப்பதற்கென்று செய்த எழுத்துருதான், ஆனாலும் பழைய அச்சு எழுத்தின் கௌரவம் அதில் இருக்கிறது. அதற்குத் தடித்த வடிவம் கிடையாது. மென்பொருளில் தடிமன் பொத்தானை அமுக்கினால் வருவது போலித் தடிமன், சுழியெல்லாம் அடைத்துவிடும்.

‘பழமை’ வேண்டும் என்று கேட்கிறவர்கள் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பழமைக்கு இங்கே குறைவில்லை. கழுகுமலைச் சமணச் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தைப் பார்க்கலாம். ஆனால் வட்டெழுத்தில் கடைப் பெயரை எழுதினால் இன்றைக்கு அதைப் படிக்கக் கல்வெட்டு அறிஞரைத்தான் கூட்டிவர வேண்டும். அதன் வளைவைக் கோலமாகவோ கரையாகவோ பயன்படுத்தலாம், பெயரை இன்றைய எழுத்தில் எழுதலாம். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பிருந்த ‘லை’, ‘ணை’, ‘னா’ ஆகியவற்றின் பழைய வடிவங்கள் இன்னும் எளிய வழி. யானைத் தும்பிக்கை மாதிரி வளையும் அந்தக் கொம்பு ஒரு சாப்பாட்டுக் கடைக்கோ பலகாரக் கடைக்கோ உடனே ஒரு பழைய முகத்தைக் கொடுக்கும். பெரியவர்கள் படித்துவிடுவார்கள், பள்ளிப் பிள்ளைகள் திணறலாம். வருகிற கூட்டம் யார் என்று பார்த்து முடிவெடுங்கள். எல்லா எழுத்துருவிலும் இந்த வடிவங்கள் கிடைக்காது, வரைந்துகொள்ள வேண்டி வரலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். ஆங்கில எழுத்துகளை இந்தி எழுத்து மாதிரி மேலே ஒரு கோட்டில் தொங்கவிடும் அலங்கார எழுத்துருக்கள் சில உண்டு. ‘இந்தியத் தன்மை’க்காக அவற்றைப் போடுவார்கள். தமிழ் எழுத்துக்கு அப்படி ஒரு மேற்கோடே கிடையாது. திருநெல்வேலிச் சைவச் சாப்பாட்டுக் கடைக்கு அதைப் போடுவதில் எந்த நியாயமும் இல்லை.

ஒரு வேலைக்கு அலங்கார எழுத்துரு ஒன்று போதும். இரண்டு சேர்ந்தால் சண்டைதான். பக்கத்தில் நிற்கிற மற்ற விவரங்களுக்கு முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ போன்ற அமைதியான எழுத்துருவைக் கொடுங்கள். ஆங்கிலமும் சேர்ந்து வருமானால், ஒரே எழுத்துருக் குடும்பத்தில் இரண்டு மொழியும் இருக்கிறதா என்று பாருங்கள். பாலூ, அனேக் இரண்டிலும் இருக்கிறது. உயரமும் தடிமனும் ஒத்துப்போகும். கடைப் பலகை என்றால் தமிழ்தான் முதலில், மேலோங்கியும் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் விதியும்கூட. ஆங்கிலத்துக்குப் பெரிய அலங்காரம் கொடுத்துவிட்டு அடியில் பொடி எழுத்தில் தமிழை ஒட்டுவதைப் பார்த்தால் எரிச்சலாகத்தான் வருகிறது.

அவுட்லைன் போட்டே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளர் நின்றால், கோடு எழுத்துக்கு வெளியே மட்டும் தடிக்கும்படி அமையுங்கள். மென்பொருள் வழக்கமாகக் கோட்டைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் போடும். உள்ளே போகிற பாதிதான் ‘ண’வின் சுழியைத் தின்கிறது.

கணினிச் சங்கதிகள்

நம் ஊர் டிடிபி கடைகளில் இருக்கும் தமிழ் அலங்கார எழுத்துருக்களில் பெரும்பகுதி பழைய குறியேற்றத்தில் உள்ளவை. பாமினி வகை, வானவில் வகை என்று ஆளுக்கொரு முறை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பார்கள். வாடிக்கையாளர் வாட்ஸப்பில் அனுப்புவது யூனிகோட் தமிழ், அதாவது எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான குறியேற்றம். அதை அப்படியே பழைய எழுத்துருவில் ஒட்டினால் வராது, மாற்றி என்று இணையத்தில் கிடைப்பதைக் கொண்டு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றியபின் ஒரு தடவை முழுக்கப் படித்துப் பாருங்கள். ஸ்ரீ, ஔகாரம், மேற்கோள் குறி இந்த இடங்களில் தவறு ஒளிந்திருக்கும். அச்சுக்கு மட்டும் போகிற தலைப்புக்குப் பழைய எழுத்துரு பரவாயில்லை. இணையதளத்தில் எழுத்தாகவே வர வேண்டியதற்கு யூனிகோட் எழுத்துருதான் எடுக்க வேண்டும்.

யூனிகோட் எழுத்துருவைப் போட்டும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா, புள்ளிவட்டம் தெரிகிறதா? எழுத்துருவில் குற்றமில்லை. அடோபி மென்பொருள்களில் பத்தி அமைப்புக்குள் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவு ஒன்று இருக்கும், அதை இயக்கினால் சரியாகிவிடும்.

உரிமம் என்று ஒன்று இருப்பதையே பலர் யோசிப்பதில்லை. பென்டிரைவில் நண்பர் கொடுத்த மூட்டையில் இருப்பதெல்லாம் இலவசம் இல்லை. ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று உரிமத்தில் இருந்தால் கடை லோகோவுக்கு அதைப் போடக் கூடாது. மேலே நான் சொன்ன கட்டணமில்லா எழுத்துருக்கள் கூகுளின் எழுத்துருத் தொகுப்பில், திறந்த உரிமத்தில் கிடைப்பவை. வணிக வேலைக்கும் தடையில்லை.

கடைசியாக அச்சகத்துக்கு அனுப்புவது. சிவகாசிக்குப் போனாலும் பக்கத்துத் தெரு ஃபிளக்ஸ் கடைக்குப் போனாலும் “கர்வ் பண்ணிக் கொடுங்க” என்றுதான் கேட்பார்கள். எழுத்தை வடிவமாக மாற்றிவிட்டால் அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் தலைப்பு மாறாது. ஆனால் மாற்றிய பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. எனவே எழுத்தாகவே உள்ள கோப்பு ஒன்றைத் தனியே சேமித்துவிட்டு, வாடிக்கையாளரிடம் பெயர், இனிஷியல், தேதி, போன் நம்பர் எல்லாவற்றையும் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகு கர்வ் பண்ணுங்கள். பெரிய பலகை என்றால் பெயரில் ஒரு துண்டை மட்டும், ‘ண்’ணோ கொம்போ வருகிற துண்டாகப் பார்த்து, அசல் அளவில் ஏ4 தாள்களில் அச்சிட்டு ஒட்டிச் சுவரில் மாட்டுங்கள். தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்கலாம்.